ஓடும் ரயிலில் ஒரு கணக்கு

காலை எட்டு மணி. தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் புறப்படுகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்த ஓர் ஆசிரியை, சிலேட்டுப் பலகை அளவுள்ள ஒரு கருவியைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். டேப்லெட் என்னும் கையடக்கக் கணிப்பொறி அது. எழும்பூரில் இறங்குவதற்குள் பள்ளிச் சுற்றுலாவின் செலவுக் கணக்கை அவர் முடித்தாக வேண்டும். விரலால் ஓர் இடத்தைத் தொட்டு ஓர் எண்ணை மாற்றுகிறார். உடனே வேறு மூன்று எண்கள் தாமாகவே மாறிவிடுகின்றன! அதே நேரத்தில் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் ஒருவரும் அதே கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

இவையெல்லாம் எப்படி நடக்கின்றன? இப்படி வந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஆசிரியையுடன் நாமும் பயணம் செய்து பார்ப்போமா?

விரலை அறியும் கண்ணாடி

டேப்லெட்டின் கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆன மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இப்பொருள் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் ஒளி ஊடுருவக் கூடியது. ஆகவே கோடுகள் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரு கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறு மின்தேக்கியாக இயங்குகிறது.

நம் உடல் மின்கடத்தி அல்லவா? விரல் கண்ணாடியைத் தொட்டதும் அவ்விடத்துச் சந்திப்புகளின் மின்தேக்குத் திறன் சிறிது மாறுகிறது. விரல் நுனி அகலமானது. ஒரே நேரத்தில் பல சந்திப்புகளைப் பாதிக்கும். எங்கே மாற்றம் அதிகம், எங்கே குறைவு என்று அளந்து, அவற்றின் மையத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்தைக் காண்பது போன்றதே இதுவும். பென்சிலின் மரப் பகுதியால் தொட்டால் டேப்லெட் பேசாமல் இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். மரம் மின்சாரத்தைக் கடத்தாது.

கரும்பலகையில் பிறந்த எண்ணம்

ஆசிரியை திருத்துவது விரிதாள் எனப்படும் கணக்கு அட்டவணை. இதன் கதை சுவையானது. 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பெரிய கணக்கு அட்டவணையை எழுதினார். ஓர் எண் தவறிப்போனால், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. "தானே திருத்திக்கொள்ளும் கரும்பலகை இருந்தால்?" என்ற எண்ணம் அந்த மாணவருக்கு எழுந்தது. அவரும் நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் என்ற புரோகிராம், 1979-இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக வெளிவந்தது. 254 வரிசைகளும் 63 பத்திகளும் கொண்ட அந்த அட்டவணைதான் இன்றைய விரிதாள்களுக்கெல்லாம் முன்னோடி.

இனி ஆசிரியையின் அட்டவணையைப் பாருங்கள்:

வரிசை 1: மாணவர் எண்ணிக்கை – 40
வரிசை 2: பஸ் வாடகை – ரூ. 6,000
வரிசை 3: ஒருவருக்குச் சாப்பாடு – ரூ. 60
வரிசை 4: சாப்பாட்டுச் செலவு – ரூ. 2,400
வரிசை 5: மொத்தம் – ரூ. 8,400
வரிசை 6: ஒருவரின் பங்கு – ரூ. 210

முதல் மூன்றும் நாம் எழுதும் எண்கள். மற்ற மூன்று கட்டங்களில் இருப்பவை சூத்திரங்கள். வரிசை 4-இல் "வரிசை 1 × வரிசை 3" என்றும், வரிசை 5-இல் "வரிசை 2 + வரிசை 4" என்றும், வரிசை 6-இல் "வரிசை 5 ÷ வரிசை 1" என்றும் எழுதியிருக்கிறது.

இப்போது மேலும் 8 மாணவர்கள் சேருகிறார்கள். ஆசிரியை 40-ஐ 48 ஆக்குகிறார். சாப்பாடு ரூ. 2,880, மொத்தம் ரூ. 8,880, ஒருவரின் பங்கு ரூ. 185 என்று கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வருகிறது. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மொத்தத்தைத் திருத்துமுன் பங்கைக் கணக்கிட்டிருந்தால் 8,400 ÷ 48 = 175 என்ற தவறான விடையல்லவா வந்திருக்கும்? ஆகவே எந்தக் கட்டம் எதைச் சார்ந்திருக்கிறது என்ற உறவுமுறையைக் கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்கிறது. தாத்தாவுக்குப் பிறகு தந்தை, தந்தைக்குப் பிறகு மகன் என்பதைப்போல அந்த முறை மாறாமல் கணக்கிட்டுக்கொண்டே போகிறது.

இணைப்பு அறுந்தால்?

ரயில் விரைகிறது. ஒரு செல்பேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டியதும் அடுத்த கோபுரம் டேப்லெட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெட்டியின் உலோகச் சுவர்கள் வேறு ரேடியோ அலைகளை வலுவிழக்கச் செய்கின்றன. இதனால் சில நேரம் இணைப்பு அறுந்துபோகிறது. அப்போதும் ஆசிரியையின் வேலை நிற்பதில்லை. ஒருவருக்குச் சாப்பாடு 65 ரூபாய் என்று மாற்றுகிறார். "வரிசை 3-இல் 65 என எழுது" என்ற கட்டளையை டேப்லெட் தன் நினைவகத்தில் சேமித்து வைத்துக்கொள்கிறது.

அதே சமயம் அலுவலகத்தில் எழுத்தர், பஸ் வாடகைக்குக் கீழே "சாலைச் சுங்கம் ரூ. 480" என்று ஒரு புதிய வரிசையை நுழைக்கிறார். இப்போது வரிசை 3 என்பது சுங்கம். சாப்பாடு வரிசை 4-க்கு இறங்கிவிட்டது. இணைப்பு திரும்பியதும் ஆசிரியையின் கட்டளை அப்படியே நிறைவேறினால் என்ன ஆகும்? சுங்கத்தின் மேல் 65 ஏறிவிடும்!

இதைத் தவிர்க்கும் வழியை 1989-இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். தாமதமாக வரும் கட்டளையை அப்படியே நிறைவேற்றாமல், இடையில் நடந்தவற்றுக்கு ஏற்ப உருமாற்றிவிட வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. நமது கணக்கில் விதி எளிது: மேலே ஒரு வரிசை நுழைந்திருந்தால் எண்ணுடன் 1 கூட்டு, கீழே நுழைந்திருந்தால் விட்டுவிடு. "வரிசை 3-இல் எழுது" என்ற கட்டளை "வரிசை 4-இல் எழுது" என்று மாறி, 65 சரியான இடத்தில் போய் அமர்கிறது. இன்று பலர் ஒன்றாகத் திருத்தும் ஆவணங்களில் இந்த எண்ணம் பயன்படுகிறது. ஆனால் இருவரும் ஒரே கட்டத்தில் வெவ்வேறு எண்களை எழுதினால், எது சரி என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பெரும்பாலும் கடைசியாக வந்ததே நிலைக்கும்.

காணாமல் போன 480 ரூபாய்

எழும்பூர் நெருங்குகிறது. ஒருவரின் பங்கு 190 ரூபாய் என்று திரை காட்டுகிறது. ஆசிரியைக்குத் திருப்தி. நாம் சற்றுப் பொறுத்துச் சரிபார்ப்போம். பஸ் 6,000; சாப்பாடு 48 × 65 = 3,120; சுங்கம் 480. கூட்டினால் 9,600. ஒருவரின் பங்கு 200 ரூபாய் அல்லவா வர வேண்டும்?

பிழை எங்கே? மொத்தத்தின் சூத்திரம் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் மட்டுமே கூட்டுகிறது. புதிதாக வந்த சுங்கத்தைச் சேர்க்கும்படி அதற்கு யாரும் சொல்லவில்லை. கணிப்பொறி சொன்னதைச் சரியாகச் செய்தது; எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. இப்படியே விட்டால் சுற்றுலா நாளன்று 480 ரூபாய் ஆசிரியையின் கைப்பணத்திலிருந்து போகும்.

இத்தகைய பிழை பெரிய அறிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. நாடுகளின் கடனும் பொருளாதார வளர்ச்சியும் பற்றி கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளியல் அறிஞர்கள் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாடுகளின் அரசியல்வாதிகள் அதை எடுத்துக்காட்டிப் பேசினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கைத் தாமே செய்து பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. அறிஞர்களிடமே அவர்களது விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 20 நாடுகள் கொண்ட பட்டியலில் சராசரிச் சூத்திரம் 15 நாடுகளோடு நின்றுவிட்டிருந்தது! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் விடுபட்டிருந்தன. 2013-இல் இது வெளியானதும் அறிஞர்கள் இருவரும் இந்தப் பிழையை ஒப்புக்கொண்டனர். எனினும் தங்கள் முக்கிய முடிவு நிற்கும் என்று வாதிட்டனர்.

சிறு திரையில், குலுங்கும் ரயிலில், நமக்குத் தெரிவது அட்டவணையின் ஒரு பகுதிதான். தெரியாத பகுதியில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

செய்து பாருங்கள்

விடுபட்டதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சந்தேகமான கட்டத்தில் வேண்டுமென்றே பெரிய எண் ஒன்றைப் போடுங்கள். சுங்கம் 480-க்குப் பதில் 48,000 என்று எழுதுங்கள். மொத்தம் தாவிக் குதித்தால் அந்தக் கட்டம் கணக்கில் இருக்கிறது. அசையாமல் நின்றால் விடுபட்டிருக்கிறது. பிறகு பழைய எண்ணை மறவாமல் திரும்ப எழுதிவிடுங்கள்.

கணிப்பொறி கையில் இல்லையா? ஆறு நண்பர்களை வரிசையாக உட்கார வையுங்கள். ஆளுக்கொரு கட்டம். மூவர் எண்ணைச் சொல்லட்டும். மூவர் சூத்திரப்படி கணக்கிடட்டும். இடையில் ஏழாவது நண்பர் ஒருவர் "சுங்கம் 480" என்று வந்து உட்காரட்டும். அவருடைய எண்ணை யார் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒருவரும் கேட்கவில்லை என்றால், அந்த ஆசிரியையின் 480 ரூபாய் போன வழி உங்களுக்குத் தெரிந்துவிடும்!