கப்பலில் ஏறிய பறக்கும் படகு: மக்கி எம்.71

சண்டை விமானம்னு சொன்னா நமக்கு ஓடுபாதை நினைவுக்கு வரும், இல்லேன்னா விமானந்தாங்கிக் கப்பல். இரண்டுமே இல்லாமல், அடிப்பாகம் படகு மாதிரி இருக்கிற ஒரு சண்டை விமானத்தைக் கப்பலில் ஏற்றிப் பார்த்தது இத்தாலி. 1930-ல் முதலில் பறந்த மக்கி எம்.71 அந்த வரிசையில் வந்ததுதான்.

இதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. 1915-ல் ஆஸ்திரியாவின் லோனர் பறக்கும் படகு ஒன்று இத்தாலியர் கையில் சிக்கியது. வரேஸே நகரில் இருந்த மக்கி நிறுவனம் அதை அப்படியே நகலெடுத்தது. நகலெடுத்துக் கற்றுக்கொண்டதில் இருந்து எம்.5, பிறகு எம்.7 என்ற ஒற்றை இருக்கை சண்டை விமானங்கள் பிறந்தன. இவற்றுக்குத் தனி மிதவைகள் கிடையாது. விமானத்தின் உடலே படகு.

போருக்குப் பிறகு கடற்படைக்கு ஒரு பிரச்சினை. விமானந்தாங்கி கட்டவில்லை, இத்தாலி தீபகற்பமே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு விமானந்தாங்கிதானே என்பது அப்போதைய வாதம். பதிலுக்கு, ரயில் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் படகாகக் கட்டத் தொடங்கிய ஒரு கப்பலை வாங்கி, ஜுசெப்பே மிராலியா என்ற கடல்விமானக் கப்பலாக மாற்றினார்கள். 1927-ல் சேவைக்கு வந்தது. விமானத்தைக் கவண் கல் மாதிரி எறிய அதில் கேட்டபுல்ட் இருந்தது.

இனி விமானம் கப்பலுக்கு ஏற்ற மாதிரி மாற வேண்டும். முதல் தேவை, இடத்தை அடைக்கக் கூடாது. மொன்ஃபால்கோனேயில் கான்ட் நிறுவனம் கட்டிய கான்ட் 25-க்கு, இறக்கை மடங்கும் ஒரு வடிவம் வந்தது. மக்கியில் மாரியோ காஸ்தோல்டி வேறு வழி பிடித்தார். தன்னுடைய எம்.41-ஐ எடுத்து, கேட்டபுல்டில் பொருத்தும் முனைகளைச் சேர்த்தார். இறக்கைகளைச் சுலபமாகக் கழற்றி வைக்க வசதியாக, தாங்குகட்டைகளோடு கம்பிகளையும் சேர்த்து இறுக்கினார். அதுதான் எம்.71. இரண்டு 7.7 மி.மீ. துப்பாக்கிகள், 400 குதிரைத்திறன் அளவிலான ஃபியட் ஏ.20 என்ஜின்.

ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை இருந்தது. கம்பி கூடினால் காற்றின் இழுவை கூடும். தண்ணீர் தெறிப்பு படாமல் இருக்க என்ஜினை உடலுக்கு மேலே, இறக்கைகளுக்கு நடுவில் தூக்கி வைக்கணும், புரொப்பெல்லர் பின்பக்கம். என்ஜின் அவ்வளவு உயரத்தில் இருந்தா, வேகத்தைக் கூட்டும்போது மூக்கு கீழே இறங்கப் பார்க்கும், குறைத்தால் மேலே ஏறும். கூடவே, பறக்கும்போது எதற்கும் பயன்படாத படகு வயிற்றையும் சுமக்கணும்.

இதெல்லாம் காஸ்தோல்டிக்குத் தெரியாததல்ல. 1926 ஷ்னைடர் கோப்பையை வென்ற அவருடைய எம்.39-ல் படகு உடலை விட்டுவிட்டு, ஒல்லியான உடலுக்கு அடியில் இரண்டு மிதவை வைத்தார். அதே வழியில் வந்த எம்.சி.72, 1934-ல் மணிக்கு 709 கி.மீ. தொட்டது. தண்ணீரிலிருந்து கிளம்பறதாலேயே ஒரு விமானம் மெதுவாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் வேகத்தைவிடப் பெரிய சிக்கல் திரும்பி வருவதில். எறிவதற்குச் சில விநாடி போதும். திரும்பினால் கடலில் இறங்கணும், கப்பல் பக்கத்தில் வந்து நிற்கணும், கிரேன் தூக்கணும். அலை பெரிதாக இருந்தால் அதுவும் நடக்காது. போர் நேரத்தில், நீர்மூழ்கி உலவும் கடலில், எந்தக் கேப்டன் கப்பலை நிறுத்துவார்?

எம்.71 சிறு எண்ணிக்கையோடு நின்றுபோனது. 1941 மார்ச்சில் மாட்டபான் முனை அருகே, பிரிட்டனின் ஃபார்மிடபிள் விமானந்தாங்கியிலிருந்து வந்த விமானங்களைத் தடுக்க இத்தாலியக் கப்பல்களிடம் சண்டை விமானம் இல்லை. டார்பிடோ பட்டு நின்ற போலாவுக்கு உதவப் போன ஸாரா, ஃபியூமே இரண்டும் அன்றிரவே மூழ்கின. போலாவும் தப்பவில்லை. இரண்டு நாசகாரிக் கப்பல்களும் போயின. 2,300-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்விலா என்ற விமானந்தாங்கி வேலை தொடங்கியது. இடைக்காலத்துக்கு, ரெஜ்ஜியானே 2000 என்ற தரை விமானத்தைப் போர்க்கப்பல்களின் கேட்டபுல்டில் ஏற்றினார்கள். எறிந்தால் கப்பலுக்குத் திரும்ப முடியாது. கரை தேடிப் போகணும். திரும்பி வரும் பிரச்சினையை அவர்கள் தீர்க்கவில்லை, தேவைகள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அக்விலா கடைசிவரை சேவைக்கு வரவே இல்லை.