அடி எப்போது விழுகிறது?

‘மேஜிக்: த கேதரிங்’ கார்டு ஆட்டத்தில் சண்டைக்கு ஐந்து படிகள் உண்டு. சண்டைத் தொடக்கம், தாக்குபவற்றை அறிவித்தல், தடுப்பவற்றை அறிவித்தல், அடி விழுதல், சண்டை முடிவு என்பது வரிசை. ஜார்ஜ் டவுனிலோ வேறெந்த ஊரிலோ கார்டுக் கடை மேசையில் வாக்குவாதம் கிளம்பும்போது, கார்டில் எழுதியிருப்பதை இருவருமே பெரும்பாலும் சரியாகத்தான் படித்திருப்பார்கள். அதை எந்தப் படியில் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் தகராறு.

அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த இந்த ஆட்டத்தை விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. ஒவ்வொருவரும் 20 உயிர்ப் புள்ளிகளுடன் தொடங்குவார்கள். எதிராளியின் புள்ளிகளைத் தீர்ப்பதற்குப் பெரிதும் உதவுபவை ‘கிரியேச்சர்’ கார்டுகள். கார்டின் வலது கீழ் மூலையில் 3/2 என்று இருந்தால், அது மூன்று புள்ளி அடி கொடுக்கும். இரண்டு புள்ளி அடி வாங்கினால் செத்துவிடும். யூ-கி-ஓ ஆடிப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தடுமாற்றம் வரும். அதில் எதிரியின் எந்த மான்ஸ்டரை அடிப்பது என்பதைத் தாக்குபவரே தேர்ந்தெடுப்பார். மேஜிக்கில் தாக்குதல் பொதுவாக எதிராளியை நோக்கியே போகும். குறுக்கே எதை நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பதெல்லாம் தடுப்பவர் கையில்.

முதல் படி வெறும் சம்பிரதாயம்போலத் தோன்றும். ஆனால் தாக்க வரும் கிரியேச்சரை முன்கூட்டியே ‘டேப்’ செய்து, அதாவது கார்டைப் பக்கவாட்டில் திருப்பி முடக்க எதிராளிக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான். தாக்குதல் அறிவித்தபின் டேப் செய்வதால் பயனில்லை. தாக்கும் கிரியேச்சர் டேப் ஆன நிலையிலும் அடிக்கும். “காம்பாட்?”, அதாவது சண்டைக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்க, மற்றவர் “ஓகே” என்று தலையாட்டிவிட்டால், ஆட்டம் இப்போது எந்தப் படியில் நிற்கிறது? 2017 பிப்ரவரியில் டப்ளினில் நடந்த புரோ டூர் போட்டியில் இந்த ஒரு கேள்வி பெரிய சர்ச்சையாயிற்று. அந்த வார்த்தையைச் சொன்னவர் முதல் படியைத் தாண்டிவிட்டதாகவே அன்றைய வழக்கப்படி கொள்ளப்பட்டது. அந்தப் படியில் அவர் செய்ய நினைத்தது கைநழுவியது. சில மாதங்களில் போட்டி விதி திருத்தப்பட்டது. இப்போது எதிராளி செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின், தாக்குபவருக்கு அதே படியில் மீண்டும் வாய்ப்பு உண்டு. நியாயமான திருத்தம். பேச்சுவழக்கில் சொன்ன ஒரு சொல்லுக்காக ஒருவர் ஆட்டத்தையே இழப்பது விளையாட்டுக்கு அழகில்லை.

தடுப்பு அறிவித்தபின் நடப்பவை புதியவர்களை அதிகம் குழப்புகின்றன. ஒரு 5/5 தாக்குகிறது. குறுக்கே ஒரு 1/1 வந்து நிற்கிறது. அடி விழுமுன் தடுப்பவர் அந்த 1/1ஐத் தானே பலி கொடுத்துவிடுகிறார். வழி திறந்துவிட்டது, ஐந்து புள்ளியும் எதிராளிக்குத்தான் என்று தாக்குபவர் எண்ணுவார். ஒரு புள்ளிகூடப் போகாது. தடுக்கப்பட்ட கிரியேச்சர், தடுத்தது மறைந்தாலும் தடுக்கப்பட்டதாகவே இருக்கும். ‘டிராம்பிள்’ திறன் இருந்தால் மட்டும் ஐந்தும் எதிராளி மேல் இறங்கும். டிராம்பிளோடு ‘டெத்டச்’ திறனும் சேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் கொடூரமானது. குறுக்கே 6/6 நின்றாலும் அதற்கு ஒரு புள்ளி ஒதுக்கினால் போதும், மிச்ச நான்கும் எதிராளிக்கு.

‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ திறனை விளக்க ஒரு மலேசியக் கார்டே இருக்கிறது. 2005இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த மேஜிக் இன்விடேஷனலை மலேசிய ஆட்டக்காரர் டெரி சோ வென்றார். அந்த வெற்றிக்குப் பரிசு, சொந்தமாக ஒரு கார்டு. ‘ரக்டோஸ் ஆகர்மேஜ்’ என்ற அந்த 3/2 கார்டு, அவர் முகச்சாயலுள்ள ஓவியத்தோடு 2006இல் வந்தது. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் உள்ள கார்டு சண்டையில் இருந்தால் அடி விழும் படி இரண்டாகப் பிரியும். ஆகர்மேஜ் ஒரு 3/3ஐத் தடுத்தால், முதல் சுற்றிலேயே மூன்று புள்ளி அடித்துக் கொன்றுவிடும். செத்தது திருப்பி அடிக்காது. தாக்குபவர் கையில் +3/+3 தரும் ‘ஜயண்ட் குரோத்’ இருந்தால் அதைத் தடுப்பு அறிவித்ததும் போட வேண்டும். அப்போது 6/6 ஆன கிரியேச்சர் பிழைத்து, இரண்டாம் சுற்றில் ஆகர்மேஜைச் சாய்க்கும். அதே கார்டைத் தடுப்புக்கு முன்பே போட்டால் எதிராளி உஷாராகித் தடுக்காமலே விடலாம். முதல் சுற்று முடிந்தபின் போட நினைத்தால், வளர்க்க அங்கே கிரியேச்சரே இருக்காது.

அடி விழும் படியின் விதிகளே காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. 1999 முதல் 2009 வரை, ஒதுக்கிய அடி உடனே விழாது. ‘ஸ்டாக்’ எனும் வரிசையில் காத்திருக்கும். ‘மாக் ஃபனாட்டிக்’ என்ற 1/1 ஒரு 2/2ஐத் தடுத்து, தன் ஒரு புள்ளி அடி வரிசையில் ஏறியதும் தன்னைப் பலி கொடுத்து இன்னொரு புள்ளியையும் கொடுக்கும். 2/2 காலி. 2008இல் கோலாலம்பூரில் ஜான் ஃபின்கல் வென்ற புரோ டூர் இந்தப் பழைய விதியில்தான் நடந்தது. மறு ஆண்டு ஜூலையில் வந்த ‘மேஜிக் 2010’ தொகுப்போடு அது ஒழிந்தது. ஃபனாட்டிக் சண்டையில் அடிக்கலாம், அல்லது அதற்கு முன்பே பலியாகலாம்.

அந்தத் திருத்தத்தோடு வந்த இன்னொரு விதி, பல தடுப்புகள் பற்றியது. 5/5ஐ இரண்டு 3/3கள் தடுத்தால், தாக்குபவர் அவற்றை வரிசைப்படுத்தி, முதலாவதற்குச் சாகும் அளவு ஒதுக்கிய பிறகே இரண்டாவதைத் தொடலாம். தடுப்பவர் முதலாவதன் மேல் ஜயண்ட் குரோத் போட்டால் அதைக் கொல்ல ஆறு வேண்டும். தாக்குபவரிடம் இருப்பது ஐந்து. இரண்டும் பிழைத்துவிடும். 2024 நவம்பரில் ‘ஃபவுண்டேஷன்ஸ்’ தொகுப்போடு இந்த வரிசை நீக்கப்பட்டது. இன்று தாக்குபவர் அடி விழும் நேரத்தில் விருப்பம்போலப் பங்கிடலாம்; வளர்ந்ததை விட்டுவிட்டு மற்றதைக் கொல்வார். தடுப்பவரின் தந்திரங்களுக்கு முன்பிருந்த மதிப்பு இதனால் குறைந்துவிட்டது என்பது உண்மை. புதியவர்களுக்கு விளக்குவதோ எளிதாகிவிட்டது.

சண்டை முடிந்தாலும் வாங்கிய அடி ஆட்டக்காரரின் அந்த முறை (‘டர்ன்’) முடியும்வரை கிரியேச்சர் மேலேயே இருக்கும். இரண்டு அடி வாங்கிய 4/4ஐச் சண்டைக்குப் பிறகு இரண்டு புள்ளி மந்திரத்தால் முடித்துவிடலாம். ஜயண்ட் குரோத்தால் பிழைத்தது, அதன் வலு தீர்ந்ததும் சாகுமோ என்ற சந்தேகமும் அடிக்கடி எழும். சாகாது; முறையின் இறுதியில் அந்த வலுவும் வாங்கிய அடியும் ஒரே நேரத்தில் நீங்கிவிடும்.