வண்டிக்கு முதல் செலவு எது?

ஞாயிறு மாலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். அகல டயர், பின்னால் இறக்கை, காதைப் பிளக்கும் சைலன்சர் என்று ஜோடித்த கார்கள் மாமல்லபுரம் நோக்கிப் பறக்கும். அந்த இறக்கை, பந்தய வேகத்தில் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதற்காக உண்டானது. ஊர்ச் சாலையில் அது வெறும் சுமை. சைலன்சரின் உள்தடுப்பை எடுத்தால் சத்தம் கூடும். இஞ்சினுக்குப் பலம் கூடிவிடாது.

இது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நாம் ஒதுங்க முடியாது. 2005-ல் டாடா ஏஸ் வந்து 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற பிறகு, சிறு மளிகைக் கடைக்காரரும் சொந்த வண்டி வைக்க முடிந்தது. கூடவே இந்த அலங்கார மோகமும் சரக்கு வண்டிகளில் ஏறிக்கொண்டது.

எங்கள் கடை வண்டிக்கும் ஓர் ஆயுத பூஜைக்குக் கலர் விளக்கு, ஏர் ஹாரன், ஸ்டிக்கர் எல்லாம் போட்டோம். தேய்ந்த முன் டயர்களை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டோம். ஐப்பசி மழையில் செங்கல்பட்டிலிருந்து அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றி வந்தபோது, திருக்கழுக்குன்றம் தாண்டி மாடு குறுக்கே வந்தது. ஹாரன் நன்றாக அடித்தது. வண்டி நிற்கவில்லை, பள்ளத்தில் இறங்கியது. டிரைவர் கை எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டிலிருந்தார். விளக்குகள் மட்டும் பழுதில்லாமல் எரிந்துகொண்டிருந்தன.

ஈரச் சாலையில் தண்ணீரை விலக்கிப் பிடிப்பு தருவது டயரின் பட்டன். அது மூன்று சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்கும், நான்கு சக்கர வண்டிக்கு 1.6 மில்லிமீட்டருக்கும் குறையக்கூடாது என்பது விதி. வேகம் இரட்டித்தால் பிரேக்கின் வேலை நான்கு மடங்காகும். கூடுதல் கமான் பட்டை போட்டால் பாரம் தாங்குவதுபோலத் தெரியும். ஆனால் பிரேக் பழைய பிரேக்தான். 60 வாட் பல்புக்கான ஒயரில் 100 வாட் பல்பு மாட்டினால் ஒயர் சூடேறி உருகும். கடற்கரை ஓரத்தில் ஓடும் வண்டிக்கு உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. அடிப்பகுதியையும் பிரேக் குழாயையும் துரு தின்னும். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவது அவசியம்.

சட்டமும் கண்டிப்பாக இருக்கிறது. பல சுரம் எழுப்பும் ஹாரனுக்குத் தடை உண்டு. முன்பக்கக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் உத்தரவிட்டது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

போர்டு எவ்வளவு மின்னினாலும், தராசு சரியில்லாத கடையில் வாடிக்கை நிற்காது. வண்டிக்கும் அதே கணக்குதான். வரும் ஆயுத பூஜைக்கு முதல் செலவு டயருக்கும் பிரேக்குக்கும் இருக்கட்டும். மிச்சப் பணத்தில் மாலை வாங்கிப் போடுவோம்.