ஐந்து ஆண்டு காத்திருந்தால்தான் உதவி

தமிழ்நாட்டில் வேலையில்லாத இளைஞர் அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300. அதுவும் மூன்று ஆண்டோடு நின்றுவிடும்.

பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். தொகையைவிட என்னை உறுத்துவது அந்த ஐந்து ஆண்டுதான். அரசு தகுதியாகக் கேட்கும் அதே ஐந்து ஆண்டைத் தனியார் நிறுவனம் குறையாக எண்ணுகிறது. நேர்காணலில் பயோடேட்டாவைப் புரட்டுபவரின் விரல், படிப்பு முடித்த வருடத்தில் வந்து நிற்கும். "இவ்வளவு கேப் இருக்கே, என்ன பண்ணீங்க?" டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தேன் என்றால், "ரிசல்ட் வந்தா போயிடுவீங்களே" என்பார்கள். படுத்த படுக்கையான மாமியாரைக் கவனித்தேன் என்று ஒரு பெண் சொன்னால், "சொல்லி அனுப்புறோம்." துணிக்கடையில் கணக்கு எழுதினேன் என்றால் அனுபவச் சான்று கேட்பார்கள், கடைக்காரர் அதைத் தர மாட்டார்.

வேலையற்ற இடைவெளியைக் குறையாகப் பார்ப்பது உலகெங்கும் உள்ள நோய். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் ராண்ட் கயாத் என்ற ஆய்வாளர், கற்பனையான விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு மேல் வேலையின்றி இருந்தவர்களைவிட, விண்ணப்பித்த துறையில் அனுபவமே இல்லாத, அண்மையில் வேலை இழந்தவர்களுக்கே அழைப்பு அதிகம் வந்தது. அங்கே ஆறு மாதமே இந்தப் பாடு என்றால், இங்கே ஐந்து ஆண்டு என்னவெல்லாம் செய்யும்?

சட்டமும் கைகொடுத்ததில்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும் என்றிருந்தது. அங்கிருந்து ஆளெடுக்க வேண்டிய கட்டாயம் இருந்ததில்லை.

உதவித்தொகையை வேலையற்ற முதல் ஆண்டிலேயே கொடுக்க வேண்டும். பஸ் கட்டணத்துக்கும் பயிற்சிக்கும் அப்போதுதான் அது பயன்படும். நிறுவனங்களிடமும் அரசு கறாராகப் பேசலாம். நீண்ட நாள் வேலையற்றோரை ஒதுக்க மாட்டோம் என்று 2014இல் சுமார் 300 நிறுவனங்களிடம் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா உறுதி பெற்றார். முதலீட்டாளர்களுக்கு நிலமும் வரிச்சலுகையும் தரும் தமிழ்நாடு அரசு, அவர்களுடன் போடும் ஒப்பந்தங்களிலேயே இந்த நிபந்தனையையும் எழுதிச் சேர்க்கட்டும்.