ஆன்லைனில் பாலியல் புகார்: அனுப்பிய பிறகு அந்த மூன்று நாள்!

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண், புகார் கொடுக்க முதலில் போலீஸ் ஸ்டேஷன் படியேறித்தான் ஆக வேண்டுமா? தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, இதுபோன்ற குற்றங்கள் பற்றி மின்னணு வழியிலும் போலீசுக்குத் தகவல் தரலாம்.

சம்பவம் எந்த ஊரில் நடந்தது என்பதும் தடையில்லை. பெங்களூருவில் நடந்ததை மதுரைக்கு வந்த பிறகு மதுரையிலேயே சொல்லலாம். ‘அது எங்க லிமிட் இல்லம்மா, அங்க போய்க் கொடுங்க’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

கொக்கி எங்கே?

ஆன்லைனில் தந்த தகவலில், அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் அது பதிவேட்டில் ஏறும். ‘சப்மிட்’ அழுத்தியாச்சு, இனி போலீஸ் பார்த்துக்கும் என்று இருந்துவிட்டால் புகார் அப்படியே நின்றுவிடலாம். அதிர்ச்சியில் இருப்பவருக்கு மூன்று நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதனால் நம்பிக்கையான ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. கெடு தாண்டினாலும் உரிமை போய்விடாது. நேரில் புகார் தரலாம். பாலியல் வன்கொடுமை வழக்குக்குக் காலவரம்பும் கிடையாது.

தகவலைப் பதிவு செய்ய வேண்டியவர் பெண் அதிகாரி. விசாரணையின்போது வாக்குமூலத்தை, பாதிக்கப்பட்டவரின் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம். இங்கே கவனிக்க வேண்டியது நம் ஊருக்கே பழக்கமான சி.எஸ்.ஆர். ரசீது. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘விசாரிச்சிட்டுச் சொல்றோம்’ என்ற பதிலோடு திரும்ப வேண்டாம்.

அந்தரங்கப் படங்களைப் பரப்புவது, மிரட்டுவது போன்றவற்றுக்கு தேசிய சைபர் கிரைம் போர்ட்டல் இருக்கிறது. ஆபத்து இப்போதே என்றால் எந்த ஃபார்மும் வேண்டாம், 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

புகாருக்கு முன்பே மருத்துவமனை

எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. அரசு, தனியார் இரண்டுமே உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் அதுவே குற்றம். ஆனால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பதும் சட்டம். முடிந்தால் குளிக்காமல் போவது தடயங்களைக் காக்கும். அன்று அணிந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கலாம். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கித் தடயம் கெடும். சாட், கால் லாக் எதையும் அழிக்கக் கூடாது.

போலீஸ் பதிவு செய்ய மறுத்தால்? மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

பெயர் வெளியே வந்துவிடுமா?

பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். அது வீண் பயம் என்று சொல்லிவிடவும் முடியாது. பாலியல் வழக்குகளின் எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என 2016-லேயே உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்திருக்கிறது. அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வழக்கில் மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். கசிந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றது போலீஸ். மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவையும் அமைத்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. அந்த எஃப்.ஐ.ஆரை ‘ஷேர்’ செய்தவர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?