உஷார்! புது டப்பாவுக்குள் பழைய போர்டு

தீபத்துக்குள் ஒரு பாட்டு, அடுத்த பௌர்ணமி கிரிவலத்துக்குள் இன்னொரு பாட்டு என்று வீட்டிலேயே ரெக்கார்டிங் செட்டப் போட நினைக்கும் திருவண்ணாமலைத் தம்பி தங்கைகளே, கொஞ்சம் நில்லுங்கள். "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போட்டிருக்கு, மியூசிக் வேலைக்கு அருமையா ஓடும்" என்று யாராவது ஒரு அசெம்பிள் செட்டை மலிவாக நீட்டினால், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே என்ன போர்டு?"

எச்61, எச்81 என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

எச்61 என்பது இன்டெல் 2011-இல் கொண்டுவந்த சிப்செட். எச்81 வந்தது 2013-இல். இரண்டுக்கும் எப்போதோ காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் இதே எண்களோடு புத்தம் புது போர்டுகள் பளபளக்கும் டப்பாவில் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. எப்படி? கழித்துப் போட்ட பழைய போர்டுகளிலிருந்து சிப்செட்டைச் சூடு காட்டிப் பெயர்த்தெடுத்து, சீனாவில் புதுப் பலகை மேல் மறுபடி பற்றவைக்கிறார்கள். எச்61-இல் உட்காரும் 'ஐ7' பெரும்பாலும் 2012-இல் வந்த 3770. ஐ7 என்று சொன்னதில் பொய் கிடையாது. எந்தத் தலைமுறை ஐ7 என்பதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

கடையில் பில் போடவும், ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பவும் அது போதும். இசை வேலைக்குப் போதவே போதாது. எச்61-இல் ரேம் ஸ்லாட் இரண்டுதான், உச்சவரம்பு 16 ஜிபி. வாங்கும் அன்றே நிரம்பிவிட்டது. நாதஸ்வரம், தவில், வயலின் கூட்டம் என்று சாம்பிள் லைப்ரரிகளை நாலைந்து திறந்தாலே ரேம் திணறும், கூட்ட இடமில்லை. எஸ்எஸ்டி போட்டாலும் அந்தச் சிப்செட்டின் சாட்டா வேகம் பாதியில் நின்றுவிடும். யுஎஸ்பி 3 அதில் கிடையாது. வேறொரு சில்லு வைத்து ஒட்டுப் போட்டால்தான் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாவது தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏற்றலாம், ஆனால் அடுத்த பெரிய அப்டேட் நடு வேலையில் காலை வாரினால் யாரைப் போய்க் கேட்பீர்கள்?

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று கடையில் கண்ணுக்குத் தெரியாது. விற்பவர் யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டு, "பாருங்க, கிளியரா கேட்குது" என்பார். அது சோதனையே அல்ல. பாட்டை ஓட்டிக் கேட்கும்போது கம்ப்யூட்டர் முன்கூட்டியே நிறையச் சேமித்து வைத்துக்கொண்டு நிதானமாக அனுப்பும். பாடும்போது அந்த வசதி இல்லை. பாடுபவர் தன் குரலைத் தாமதமில்லாமல் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். அதற்கு அந்தச் சேமிப்பை, அதாவது பஃபரை, 128 சாம்பிளுக்கு இறக்குகிறோம். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லிசெகண்ட். ஒவ்வொரு 2.9 மில்லிசெகண்டுக்குள்ளும் கணக்கு முழுவதும் முடிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் போர்டில் உள்ள வைஃபை டிரைவரோ, யுஎஸ்பி சில்லோ, போர்டு கம்பெனி தானாகப் போட்டுவிடும் ஏதோ ஒரு மென்பொருளோ பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டால், "பட்... பட்" என்று வெடிப்பு பதிவிலேயே விழும். அருமையாக வந்த ஒரு விருத்தத்தின் நடுவில் அது விழுந்தால் மறுபடி பாடச் சொல்லத்தான் வேண்டும். அதே பாவம் திரும்ப வருமா?

ஆகவே உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸைக் கடைக்கே எடுத்துப் போங்கள். அதன் ஆசியோ டிரைவரைப் போட்டு, பஃபர் 128-இல் உங்கள் பழைய புராஜெக்ட் ஒன்றை ஓட விடுங்கள். கூடவே லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இடையூறு செய்யும் டிரைவரின் பெயரையே அது காட்டிவிடும். இன்டர்ஃபேஸைக் கேபினெட்டின் முன்பக்கத்தில் செருகாமல், பின்பக்கம் போர்டிலேயே இருக்கும் யுஎஸ்பியில் செருகுங்கள். சோதிக்க விடமாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

சரி, பழசு வேண்டாம், செகண்ட்ஸில் புதுத் தலைமுறை வாங்கிவிடலாம் என்பவர்களும் கவனிக்க வேண்டும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், குறிப்பாகப் பெரிய ஐ7, ஐ9-களில், அளவுக்கு மீறிய வோல்டேஜால் சில்லே நாளடைவில் பழுதாகும் சிக்கல் இருந்ததை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. தீர்வாக 0எக்ஸ்129, 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. அந்த அப்டேட் இனி வரும் சேதத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பழுதானது திரும்பாது. முந்தைய சொந்தக்காரர் அப்டேட் போடாமல் எத்தனை மாதம் ஓட்டினார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஏஎம்டி பக்கம் பி550, எக்ஸ்570 போர்டுகளில் யுஎஸ்பி விட்டுவிட்டுத் துண்டிக்கும் கோளாறு இருந்தது. 2021-இல் பயாஸ் அப்டேட்டில் சரிசெய்தார்கள். பி550 நல்ல போர்டுதான், ஆனால் பழைய பயாஸோடு வாங்கினால் இன்டர்ஃபேஸ் பாட்டின் நடுவில் காணாமல் போகும்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. குரல் பதிவின்போது சத்தத்துக்குப் பயந்து ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்திக் கதவைச் சாத்துகிறோம். மே மாதத்தில் மலையடிவாரத்து மொட்டைமாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐ7-13700 உச்சத்தில் 219 வாட் வரை இழுக்கும். அதை மலிவான எச்610 போர்டில் உட்கார வைத்தால், சாக்கெட்டைச் சுற்றி மின்சாரம் சீராக்கும் பகுதி தாங்காது, பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தப் பகுதியின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் இல்லாத போர்டைத் தொடாதீர்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? "அது அப்படித்தான்" என்று விடாதீர்கள். எர்த் வேலை செய்யாத வீட்டில், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கேபினெட்டின் உலோக உடம்பு ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கேபினெட்டிலிருந்து போர்டு, போர்டிலிருந்து யுஎஸ்பி, அங்கிருந்து இன்டர்ஃபேஸ், கடைசியில் மைக்கின் உலோக உடம்பு: எல்லாம் ஒரே இணைப்பு. பதிவில் கேட்கும் 'ம்ம்ம்' இரைச்சலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சாதாரணமாக அது மிகச் சிறிய மின்சாரம். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் இன்சுலேஷன் போனால் முழு 230 வோல்ட்டும் அதே வழியில் வரும். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று, மைக்கில் உதடு படப் பாடுவது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போடுங்கள். பாறை மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

பட்ஜெட் குறைவு என்றால் பி550 போர்டும் ரைசன் 5 5600-ம், அல்லது பி760 போர்டும் ஐ5-12400-ம் கேளுங்கள். நான்கு ரேம் ஸ்லாட் இருக்கட்டும். பில்லில் 'மதர்போர்டு - 1' என்று எழுதினால் ஏற்காதீர்கள். கம்பெனி, மாடல், சீரியல் எண் மூன்றும் வேண்டும். வாரண்டி கம்பெனியுடையதா, கடை ஸ்டிக்கரா என்று பாருங்கள். வாரண்டிக்காகச் சென்னை போக நேர்ந்தால் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். போர்டைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு அலையும் பஸ் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து பாருங்கள். பேஸ்போர்டு என்ற வரிகளில் போர்டின் கம்பெனியும் மாடலும் இருக்கும். மாடல் தெரியாத பெயராக இருந்தால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் சிப்செட்டையும் காட்டும். சொன்னது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றால் இந்த இரண்டு திரைகளையும் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.