குடிநீர்க் கருவி வாங்குமுன்

நகர்ப்புற இல்லங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் குடிநீர்க் கருவி இன்றியமையாததெனக் கருதப்படுகிறது. எல்லா ஊர்களுக்கும் இது பொருந்தாது. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) நீரில் கரைந்துள்ள திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை, வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 2000 வரை அனுமதி உண்டு. 500-க்குக் குறைவான நீருக்கு இக்கருவியைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அரசைப் பணித்தது. ஒரு லிட்டர் நீர் பெறப் பல கருவிகள் மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. கால்சியமும் மக்னீசியமும் உடன் நீங்குகின்றன.

கிருமிகள் மட்டுமே குறையெனில் நீரைக் கொதிக்க வைத்தாலே போதும். ஃபுளோரைடோ ஆர்சனிக்கோ கலந்த நிலத்தடி நீருக்கு அது பயன் தராது. அங்கு கருவிக்கு இடும் பணம் வீணன்று. ஆதலின் முதற்செலவு நீர்ப் பரிசோதனைக்கே உரியது. விற்பனையாளர் வீட்டில் வந்து காட்டும் அளவுமானி, கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டுமேயன்றி, கிருமியையோ ஆர்சனிக்கையோ காட்டுவதில்லை.